உன் நாவலில் என் தகரப் பெட்டி

மகனே,

எந்தக் கடிதத்தையும் சலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே அஸ்ஸலாமு அலைக்கும். உன்மீது சாந்தி உண்டாகட்டும். கடமைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவதில் சாந்தியைத் தேடாதே, கிடைக்காது.

உன் நாவல் பத்துப் பிரதி கூரியரில் வந்து சேர்ந்தது. கூடவே வழவழப்பான தாளில் ஓர் அழைப்பிதழ். பாளையங்கோட்டையில் வெளியீட்டு விழா, முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர் எழுத்தாளரின் தாயார் என்று போட்டிருக்கிறாய். போனில் வேறு, "உம்மா, நீ மேடையில வந்து உக்காந்தா போதும், மத்ததை எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். பார்த்துக்கொள்வதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, அதை ஒன்றரை வருஷமாக அனுபவித்தவள் நான். நான் வர மாட்டேன். ஏன் வர மாட்டேன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், நீ "சரி உம்மா, அழாத" என்பாய், விஷயம் அதோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். நாவலின் ஓர் அத்தியாயத்தை ஊரெல்லாம் வாசிக்கும்படி ஓர் இணையப் பத்திரிகையில் முன்கூட்டியே வெளியிட்டாயே, அதே பத்திரிகைக்குத்தான் இதையும் அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா என்று கேட்க உனக்கு வாய் வராது என்று நினைக்கிறேன்.

நாவலை மூன்று நாளில் வாசித்து முடித்தேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பேட்டையில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடை ஒன்று இருந்தது. மர்மக் கதை ஒன்றையும் விட மாட்டேன். உன் வாப்பாதான் லேத் பட்டறையிலிருந்து வரும்போது கிரீஸ் கையோடு எடுத்துவந்து தருவார். ஆகவே விறுவிறுப்பு என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். உன் கதையில் அது இருக்கிறது. வருங்காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு ஓர் இயந்திர மனிதனை இலவசமாகக் கொடுக்கிறது. அதற்குப் பெயர் 'துணைவன்'. வீடு கூட்டும், காய் நறுக்கும், மாத்திரை எடுத்துத் தரும், பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் மேலிடத்துக்குச் சொல்லும். ஜனங்கள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டே அதனோடு குடித்தனம் நடத்துகிறார்கள். பின்னட்டையில் உன் படத்துக்குக் கீழே, அந்தரங்கம்தான் மனிதனின் கடைசிச் சொத்து என்று நீ சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் புத்தகத்தைக் கிணற்றில் எறிந்திருப்பேன். நம் வீட்டில் கிணறு இல்லை.

நீ இதைப் புதிதாகப் பேசவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். நம் தெருமுனைக் கம்பத்தில் பள்ளிவாசலைப் பார்த்தாற்போல கேமரா மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று பெங்களூரிலிருந்து கூப்பிட்டு ஒரு மணி நேரம் கத்தினாய். வாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தார். "நாம என்ன திருடனா? யாரு தொழப் போறா, யாரு யாருகூட நிக்கான்னு பாக்க இவனுவ யாரு வாப்பா?" என்றாய். நியாயமான கோபம்தான். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது, இன்றும் அந்த இடம் வந்தால் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேமரா இதுவரை கம்பத்தைவிட்டு இறங்கி வரவில்லை. வீட்டுக்குள் வந்தது நீ வாங்கிவந்த கேமராதான்.

வாப்பா மௌத்தான பத்தாம் நாள் அதை மாட்டினாய். நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். உன் நண்பர்கள் சிலருக்கு அது பிடிக்காது, எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்த மனிதர் போன பிறகு, யார் முகத்துக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. துக்கம் கேட்க வரும் ஆண்கள் முன்பக்கம் இருக்கட்டும் என்று ஹாலின் நடுவில் கயிறு கட்டி இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டவன் நீதான். அதற்கு நாலு நாள் கழித்து, அதே கையால், போர்வைக்கு உள்பக்கம் அலமாரிமேல் அந்த வெள்ளை உருண்டையை வைத்தாய். "எதுக்குலே இது?" என்று கேட்டேன். "நீ தனியா இருக்க. உள்ள விழுந்து கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்? உன் நல்லதுக்குத்தான் உம்மா. நான் மட்டும்தான் பாப்பேன்" என்றாய். நான் பெற்ற பிள்ளை பார்த்தால் என்ன என்று ஒத்துக்கொண்டேன்.

ஆரஞ்சுப் பழம் அளவு தலை. நான் நடந்தால் கூடவே திரும்பும், நின்றால் நிற்கும். மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் விசாரித்ததால் அதற்கு நான் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தேன். வரும் பெண்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். முதன்முதலாக அதிலிருந்து உன் குரல் வந்த அன்று கையிலிருந்த தேயிலைத் தண்ணீரை மடியில் கொட்டிக்கொண்டேன். "உம்மா, மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான் கேட்டாய். தொடை வெந்துபோனதை நான் சொல்லவில்லை, பிள்ளை அக்கறையாகக் கேட்கிறான் என்று பெருமைகூடப் பட்டேன். உன் நாவலில் துணைவன் முதன்முதலாக வாய் திறந்து என்ன சொல்கிறது, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" பதினோராம் பக்கம். உனக்கே எழுதும்போது சுருக்கென்று இருந்திருக்காதா?

உன் வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நீ மறந்திருப்பாய். நான் பெண்களுக்குத் தைப்பவள். நம் வீட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிற்பார்கள். அதனால் வாப்பா சாப்பாட்டுக்கு வரும்போது தெருவில் திரும்பும் இடத்திலேயே சைக்கிள் மணியை அடிப்பார். வாசலில் நின்று சலாம் சொல்வார். நான் பதில் சொல்லாவிட்டால் மறுபடி சொல்வார். மூன்றாவது தடவையும் பதில் இல்லை என்றால் திரும்பிப் போய்விடுவார், அது அவருடைய சொந்த வீடு, சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். ஓர் ஐப்பசி மழையில் அப்படி எதிர்வீட்டுச் சன்ஷேடுக்குக் கீழே முக்கால் மணி நேரம் நனைந்துகொண்டு நின்றார், நான் மிஷின் சத்தத்தில் அவர் குரலைக் கேட்கவில்லை. நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பந்தை எடுக்க உள்ளே ஓடிவந்து, ஒரு பெண் அலறி, நீயும் அலறினாய். அன்று வாப்பா உன்னை அடிக்கவில்லை. "ஏலே, வீடு நம்மளுதுதான். உள்ள நிக்கவங்க மானம் நம்மளுது இல்லைலா" என்றார். அப்படிப்பட்டவர் பிள்ளை நீ. அவர் போய்ப் பத்தாம் நாள் மணியும் அடிக்காமல் சலாமும் சொல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாய்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். இத்தா முடிந்து மறுபடி துணி வாங்கித் தைக்க ஆரம்பித்தபோது, போர்வையைக் கழற்றினேனே தவிர மாப்பிள்ளையைக் கழற்றவில்லை. எனக்கும் புத்தி இல்லாமல் இல்லை. அளவெடுக்க யார் வந்தாலும் ஸ்டூல்மேல் ஏறி அதன் தலையில் ஒரு லைனிங் துணியைப் போட்டு மூடுவேன். அவர்கள் போன பிறகு எடுப்பேன். உன் கண்ணில் ஒரு பெண்ணும் படவில்லை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குக் காது உண்டு என்று எனக்குத் தெரியாது. போன் போல, நீ கூப்பிட்டுப் பேசும்போதுதான் அது கேட்கும் என்று நினைத்தேன். மணி அடிக்காமல் ஒன்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? பெண்கள் தையல்காரியிடம் பேசுவது உனக்குத் தெரியாது. இடுப்பளவு சொல்லும்போது எத்தனை மாதம் என்பதையும் சொல்வார்கள். கை அளவு எடுக்கும்போது கன்றிப்போன இடத்துக்குக் காரணம் சொல்வார்கள். அவர்கள் பேசுவதை ஒரு நாளும் நான் வெளியில் சொன்னதில்லை, வாப்பாவிடம்கூட.

அப்படி வந்தவள்தான் நம் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பிள்ளை. அவளைப் பற்றி எழுத, போன வாரம் ரேஷன் வரிசையில் வைத்து அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். புருஷன் சார்ஜாவில். அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டு, "போனை அங்கன திருப்பு, இங்கன திருப்பு, கதவுக்குப் பின்னால காட்டு" என்பான். பகலில் நாலு தடவை. வீட்டில் மாமியாரும், பிரசவத்துக்கு வந்து போகாமலே இருக்கும் நாத்தனாரும். ஜாக்கெட் தைக்க என்றால் மட்டும் என்னிடம் விடுவார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவள். அரசாங்க வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், என் வீட்டில் வைத்து. வழிகாட்டிப் புத்தகங்கள் என் பச்சைத் தகரப் பெட்டியில், லைனிங் துணிக்கு அடியில், ஒரு பழைய பாவாடையில் சுற்றி இருக்கும்; அவள் போய், மாப்பிள்ளை தலையிலிருந்து துணியை எடுத்த பிறகுதான் நான் அவற்றை உள்ளே வைப்பேன். அவள் வந்ததும் நான் மிஷினை மிதிப்பேன், தையல் நடக்கிற சத்தம் வெளியே கேட்க வேண்டுமே. துணி இல்லாமலே மிதித்திருக்கிறேன். அவள் மூலையில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு நாள் தலையைத் தூக்கிச் சொன்னாள், "மாமி, இங்கன வந்தா ஒரு மணி நேரம் என்னை யாரும் பாக்கலைன்னு இருக்கு. அதுவே போதும்." ஹால் டிக்கெட்டை பேட்டை பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தவள் நான். அதையும் அந்தப் பெட்டியில்தான் வைத்தேன்.

நீ முன்கூட்டி வெளியிட்ட அத்தியாயத்தை எனக்கு அனுப்பி, "உம்மா, பயங்கர வரவேற்பு, வாசகர்கள் எல்லாம் அழுதுட்டோம்னு எழுதுதாங்க" என்றாய். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். ஒரு விதவைத் தையல்காரி. அவள் வீட்டில் துணைவன். அதன் காதுக்குத் தப்பப் பழைய மிதிமிஷினை ஓட்டுகிறாள். தடைசெய்யப்பட்ட காகிதப் புத்தகங்களைப் படிக்க ஓர் இளம்பெண் அங்கே வருகிறாள். புத்தகங்கள் பச்சைத் தகரப் பெட்டியில், வெள்ளை லைனிங்குக்கு அடியில், பாவாடையில் சுற்றி. பெட்டிமேல் மிஷின் எண்ணெய் டப்பா. அந்தப் பெண் தலையைத் தூக்கிச் சொல்கிறாள், 'இங்கே வந்தால் ஒரு மணி நேரம் என்னை யாரும் பார்க்கவில்லை என்று இருக்கிறது. அதுவே போதும்.' உடனே உன்னைக் கூப்பிட்டேன். "கதைதான உம்மா, ஊரு பேரெல்லாம் மாத்திட்டேன்லா" என்று சிரித்தாய். எண்ணெய் டப்பாவை மாற்ற உனக்குத் தோன்றவில்லையே, பாவி.

நம்மூர்ப் பையன் எழுதியது என்று அந்த அத்தியாயம் தெருவில் எல்லார் போனுக்கும் போனது. ஐந்தாம் நாள் அவளுடைய மாமியாரும் நாத்தனாரும் வந்தார்கள். நான் மிஷினில் இருந்தேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மாமியார் சிரித்த முகமாகத்தான் பேசினாள். "மைனி, எங்க மருமவ துணியெல்லாம் உங்கட்டதான கிடக்கு? அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தொறங்களேன், பாத்துட்டுப் போறோம்."

"அதுல லைனிங் துணிதான் கிடக்கு மைனி. அவ துணி ரெண்டும் இந்தா, இங்கன இருக்கு."

நாத்தனார் கையில் போன் இருந்தது. அதையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "பச்சைப் பெட்டி. மேல எண்ணெய் டப்பா. அப்படியே இருக்குல்லா உம்மா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "லைனிங்குக்கு அடியில என்ன இருக்கு மாமி?" என்று கேட்டாள். நான் வழிமறித்தேன். அறுபது வயதுக்காரியை ஒதுக்க எவ்வளவு நேரமாகும்? கை நேராக உள்ளே போனது, துழாவக்கூட இல்லை. பாவாடையைப் பிரித்தார்கள், புத்தகங்களை எடுத்தார்கள், ஹால் டிக்கெட்டை மாமியார் மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டாள். போகும்போது, "எங்க வீட்டுப் பொம்பளைக்கு ஒளிச்சு வைக்க எடம் குடுத்தியளே, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனையையும் உன் கேமரா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதிலிருந்து உன் குரல் வந்தது. "உம்மா, இன்னிக்கு யாரோ வந்திருந்தாங்களே, புது ஆர்டரா?"

நான் ஸ்டூலில் ஏறி வயரைப் பிடுங்கினேன். நீ பதறி மாறி மாறிப் போன் அடித்தாய். கரண்ட் போய்விட்டது, அது ரிப்பேர் என்றேன். இரண்டு மாதமாக ரிப்பேர் என்றே சொல்லிவந்தேன். அந்தப் பிள்ளை தேர்வு எழுத வேண்டிய நாள் வந்து போனது. அவளை யாரும் வெளியே விடவில்லை. நான் மத்தியானம்வரை வாசலிலேயே நின்று பார்த்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை உண்டா என்று எனக்கே சந்தேகம், அதனால்தான். உன் அக்கா கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவளுடைய பையைத் திறந்தவள் நான். ரெக்கார்டு நோட்டுக்குள் ஒரு காகிதம். கூடப் படிக்கும் பையன் எழுதியது. பஸ் நேரம் மாறிவிட்டது என்றும், நேற்று நீ சிரித்தது நன்றாக இருந்தது என்றும், இரண்டே வரி. அதை வாப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருஷமே படிப்பை நிறுத்திக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தோம். நல்லதுக்குத்தான் பார்த்தேன் என்று அவளிடம் சொன்னேன், நீ என்னிடம் சொன்ன அதே வார்த்தை. அன்றிலிருந்து இன்றுவரை போனில் அவள் என்னிடம் சொல்வது, "நல்லா இருக்கேன் உம்மா, பிள்ளைவ நல்லா இருக்கு, நீ சாப்பிட்டியா?" நல்லா இல்லை என்று அவள் சொன்ன ஒரு நாள்கூட எனக்கு ஞாபகம் இல்லை. பதினெட்டு வருஷம் ஒருத்தி நல்லாவே இருப்பாளா? நான் அவளை ஒளிந்து பார்த்தது ஒரே ஒரு நாள்தான், அதற்குப் பிறகு அவள் தன்னை எனக்குக் காட்டவே இல்லை. அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த நீ மட்டும்தான் நம் வீட்டில் என்னைக் கேட்டாய். "ஏன் உம்மா அக்கா பையைத் தொறந்த?" உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். கேட்டது சரி. அதைக் கேட்ட பிள்ளைதான் இந்தக் காரியம் செய்தவன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இப்படி நான் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதுதான் உன் பத்துப் பிரதிகள் வந்தன. முழுக்க வாசித்தேன் என்றேனே. நூற்று நாற்பதாம் பக்கத்தில் அந்த விதவை, செத்துப்போன புருஷன் சட்டையை எடுத்து, தேய்ந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கிறாள். தைத்து முடித்து, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, 'கையைத் தூக்குங்க, அளவு சரியா பாப்போம்' என்கிறாள். துணைவன் அதை 'மனநிலைக் கோளாறு, கண்காணிக்கவும்' என்று பதிவுசெய்கிறது. அது நடந்தது இத்தாவின் இரண்டாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வாப்பா பட்டறைக்குப் போடும் நீலச் சட்டை. நான் அதைச் செய்ததை அல்லாஹ்வுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன். நாலு மாதம் பத்து நாள் போர்வைக்குப் பின்னால் இருந்தேன், மகனே. சொந்தக் கொழுந்தன் முகத்தைக்கூட நேரே பார்க்கவில்லை. நீ என்னை அட்டை போட்டு, விலை போட்டு, கடைக்கு அனுப்பியிருக்கிறாய். உன்னை என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

எழுதாதே என்று நான் சொல்லவில்லை. பார்த்ததை எழுதுவதுதான் எழுத்து என்பாய். பார்க்க உன்னை யார் விட்டார்கள் என்று முதலில் கேட்டுக்கொள். கதவு திறந்திருந்ததா, தட்டினாயா, உள்ளே இருப்பவள் வா என்றாளா? உன் கதையில் வரும் அரசாங்கத்துக்கு அந்தக் கேள்வி கிடையாது, அதனால்தான் அது அரக்கன். உனக்கும் இல்லை என்றால் உனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அது மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறது, நீ பதிப்பகத்துக்கு அனுப்பினாய். சட்டை என்னுடைய பாடு, அதை நான் பொறுத்துக்கொண்டாலும் கொள்வேன். அந்தப் பிள்ளை வரும் அத்தியாயத்தை எடுத்துவிடு. அடுத்த பதிப்பில் அல்ல, இதிலேயே. விழா தள்ளிப்போனால் போகட்டும்.

கடைசியாக, போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி. அவளுடைய மாமியாருக்குப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துவிட்டது, இயந்திரம் ஏற்காது. நாத்தனார் பெயர் அவள் புருஷன் வீட்டுக் கார்டில் இருக்கிறது. ஆகவே மாதத்தில் ஒரு நாள் மருமகள்தான் நேரில் வந்தாக வேண்டும். நீயும் நானும் பயப்படுகிற அரசாங்க இயந்திரம்தான் இப்போது அவளை வெளியே விடுகிறது, இதை நீ கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நாத்தனார் கைப்பிள்ளையோடு எதிர்க்கடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே, "நல்லா இருக்கியளா மாமி?" என்றாள்.

"என்னை மன்னிச்சிரு பிள்ளே. என் வீட்ல வச்சுத்தான உனக்கு இது நடந்துச்சு."

"உங்களுக்கு என்ன தெரியும் மாமி, நீங்க என்ன செய்விய?" பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "கதை முழுசும் வந்துட்டாமே. வாசிச்சியளா? கடைசியில அந்தப் பொண்ணு என்ன ஆவுது?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "செத்துப் போயிருது" என்றேன்.

வரிசை நகர்ந்தது. அவளும் ஓர் அடி நகர்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க நாத்தனாரு அன்னைக்கு அதை வாசிச்சுட்டு அழுதா மாமி. நெசமாத்தான் அழுதா. 'யாரும் பாக்காம ஒரு மணி நேரம் இருக்கதுக்கு இப்படி ஏங்குதாளே, பாவம்'னு என்கிட்டயே சொல்லி அழுதா. துப்பட்டாவுல கண்ணைத் தொடச்சா. தொடச்சுட்டு எந்திரிச்சு வந்து என் பீரோவைத் தொறந்தா."

அவள் முறை வந்தது. விரலை வைத்தாள், அரிசியை வாங்கினாள், நிழலில் நின்றவளோடு போய்விட்டாள். வாசகர்கள் எல்லாம் அழுதார்கள் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாயே, மகனே. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? மேடை ஏறுவதற்கு முன் அதை எனக்கு எழுதி அனுப்பு.

உன் உம்மா